குளிர் அறைக்குப் பூட்டு

“மார்க்கெட்டே சிரிக்குதுப்பா. மகளுக்குப் பயந்து குளிர் ரூமுக்குப் பூட்டு போட்டவர்னு உங்களைச் சொல்லிச் சிரிக்குது.”

“சிரிக்கட்டும். சிரிச்சா அவங்க பல்லுதான் தெரியும். நீ அந்தப் புத்தகத்தை இப்படிக் குடு.”

“முடியாது. லைப்ரரி புத்தகம்.”

“லைப்ரரிக்காரனா உன்னைப் பெத்தான்? குடுன்னா குடு.”

“அது கதைப்பா.”

“கதையில குளிர்ல படுத்தவ எந்திரிச்சு வருவா. என் ரூமுல ஒரு கேரட்டை வெச்சு எடுத்துப் பாரு, தண்ணியா ஒழுகும். மனுஷன் என்ன கேரட்டை விடக் கெட்டியா?”

எங்கள் மாடியில் இரண்டே வீடு. அவர்கள் வாசலும் என் வாசலும் நேருக்கு நேர். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது; அதற்காகக் காதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுச் சமைக்க முடியுமா? அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றேன். துடைப்பம் கையில் இருந்தது. துடைப்பத்தோடு நிற்பவளை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

புத்தகம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன சத்தம் கேட்டது. அவர் அதைச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். “குளிர்ல போய்ப் படுக்கச் சொல்ற புத்தகம்தானே, குளிர்லயே கிடக்கட்டும்” என்றார், படியைப் பார்த்து. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். உள்ளே பாப்பா தன் அறைக் கதவை அறைந்து சாத்தினாள். அதன்பிறகு சத்தமே இல்லை. வழக்கமாக அந்த நேரத்துக்கு ஓடத் தொடங்கும் தையல் மெஷின்கூட ஓடவில்லை. துடைப்பத்தைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

யார் எவர் என்று சொல்லிவிடுகிறேன். அவர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் பொறுப்பாளர். மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கல் மாதிரி உறைந்து கிடக்கும் இடம். ஊருக்கு அவர் ஐஸ்காரர். அவர் மனைவி வீட்டிலேயே தைக்கிறாள். எல்லோருக்கும் தையலக்கா, என்னை மட்டும் அவள் அக்கா என்பாள். ஒரே மகள், பாப்பா. கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது?

எல்லாம் அந்த நீல அட்டைப் புத்தகத்தால் வந்தது. லைப்ரரியிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து பாப்பா அதற்குள் விழுந்துவிட்டாள். தட்டுக்கு முன்னால் புத்தகம், தலை பின்னும்போது புத்தகம். ஒருநாள் படித்துக்கொண்டே அழுதாளாம். இன்னொரு நாள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். தையலக்கா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள், பாப்பா கல்லூரிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து.

“அக்கா, அட்டையைப் பாருங்களேன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பொண்ணு படுத்திருக்கா. எனக்குச் சவப்பெட்டி மாதிரி தெரியுது. எனக்கு உட்கார்ந்து படிக்க எங்க நேரம், நீங்க படிச்சுச் சொல்லுங்க.”

“சின்னப் பசங்க காதல் கதையை நான் படிக்கிறதா? இந்த வயசுலயா?” என்றேன். கை அதற்குள் நீண்டுவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இழுத்துக்கொண்டு போனான் எழுதியவன். வரப்போகிற காலத்துக் கதை. ஒரு பெண், ஒரு பையன். பையனை நட்சத்திரத்துக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அவன் போய்த் திரும்பி வரும்போது அவனுக்கு இரண்டு வயது கூடியிருக்கும். பூமியில் இருப்பவர்களுக்கு நாற்பது வருஷம் ஓடியிருக்கும். எப்படி என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டுக்காரர் விளக்கினார், விளக்கிய பிறகு கொஞ்சம் இருந்த புரிதலும் போய்விட்டது. அவன் வரும்போது தான் கிழவியாகி நிற்பேனே என்று அவளுக்குக் கவலை. அங்கே பணக்காரர்கள் சாகாமல் இருக்க உறைந்து தூங்கும் ஒரு நிலவறை. காவலை ஏமாற்றி அதற்குள் போய், காலியாக இருந்த ஒரு பெட்டியில் படுத்து, உள்ளேயிருந்தே மூடியை இழுத்துச் சாத்திக்கொள்கிறாள். அவன் வரும்வரை அதே வயதில் இருக்க வேண்டுமாம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பாதிப் புத்தகம் அதோடு முடிகிறது. அன்று பாப்பா வரும் நேரமும் ஆகிவிட்டது. புத்தகத்தை இருந்த இடத்தில் வைக்கப் போனபோது தையலக்கா கேட்டாள். படித்தவரைக்கும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. மூடி சாத்துகிற இடத்தில் கையால் காட்டினேன், அவ்வளவுதான்.

அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே. “அக்கா, இவ இப்பல்லாம் அவங்க அப்பாகிட்ட அந்த ரூமைப் பத்தியே கேட்கிறா” என்றாள்.

பாப்பா கேட்டது உண்மை. உள்ளே மாட்டிக்கொண்டால் முதலில் எது மரத்துப்போகும்? வலிக்குமா? தூக்கம் வருமா? ஐஸ்காரருக்கோ ஒரே பூரிப்பு. அவர் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. மீன் நாற்றம் அடிக்கிறது, போய்க் குளியுங்கள் என்பார்கள், அதோடு சரி. மகள் வாய் திறந்து கேட்டதும் மனிதர் பாடமே எடுத்துவிட்டார். முதலில் விரல், அப்புறம் நடுக்கம். நடுக்கம் நிற்கும்போதுதான் ஆபத்து, அப்போது சுகமாகத் தூக்கம் வரும், அந்தத் தூக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்கக்கூடாது. பாப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அன்று சாயங்காலம் மனைவி வாயிலிருந்து கதையைக் கேட்டதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படிச் சாவது என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேனே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். “நேரா கேட்டுடுங்களேன்” என்று தையலக்கா சொன்னாளாம். “கேட்டா, இல்லாத எண்ணம் வந்துடும். வேண்டாம்” என்றாராம்.

கேட்கவில்லை. அதற்குப் பதில் பார்த்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த வீட்டில் அதற்கப்புறம் எல்லாமே பேய்தான். பாப்பா பச்சைத் தண்ணீரில் குளித்தாள். பழகிக்கொள்கிறாள் என்றாள் தையலக்கா. பாப்பா பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன சாப்பிடலாம் என்று நின்றாள். பார்த்தீர்களா அக்கா என்றாள். பாப்பா தன் கம்மலைத் தோழிக்கு இரவல் கொடுத்தாள். அன்று தையலக்கா என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அழுதாள். அவளுக்குத் தைரியம் சொல்லத்தான் நான் போய் உட்கார்ந்தேன். ஆனால் பயம் அம்மை மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்தாலே தொற்றும். பாப்பா படியிறங்கும் சத்தம் கேட்டால் நானும் ஜன்னலுக்கு ஓட ஆரம்பித்தேன். இடப்பக்கம் திரும்பினால் கல்லூரி. வலப்பக்கம் திரும்பினால் மார்க்கெட். இடப்பக்கம் திரும்பும்வரை எனக்கு மூச்சு வராது.

ஐஸ்காரர் அவர் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். குளிர் அறைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. வெளியே ஒரு தாழ்; உள்ளே ஒரு குமிழ். யாராவது மாட்டிக்கொண்டால் குமிழை அழுத்தினால் போதும், தாழ் தானே விலகிக் கதவு திறக்கும். ஆள் சாகக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அவர் போய் அந்தக் கதவில் ஒரு கொண்டி அடித்து, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை மாட்டினார். அது பூட்டியிருந்தால் உள்ளே குமிழை எவ்வளவு அழுத்தினாலும் கதவு அசையாது. அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மகள் உள்ளே போவதைப் பற்றித்தான் அவருக்கு நினைப்பு. வெளியே வருவதைப் பற்றி நினைக்க அந்த மூளையில் இடமில்லை.

மூட்டை தூக்குபவர்களிடமும் வீட்டிலும் ஒரே சட்டம் சொல்லிவிட்டார்: அந்தப் பூட்டு திறந்து தொங்குவதைப் பார்த்தால், பார்த்தவர் யாராக இருந்தாலும், கொண்டியை மடக்கி உடனே அமுக்கிவிட வேண்டும். சாவி ஒன்று தன் சட்டைப்பையில். மற்றொன்றை மனைவியிடம் கொடுத்து, பாப்பா கண்ணில் படாத இடமாக வைக்கச் சொன்னார். எதற்கு இந்தப் பூட்டு என்று மூட்டைக்காரர்கள் கேட்டதற்கு, வாய் தவறி மகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். மார்க்கெட்டில் ஒரு வார்த்தை விழுந்தால் போதாதா? அது சுற்றிக்கொண்டு கல்லூரி வாசல்வரை போய், பாப்பா காதில் விழுந்தது. அதுதான் அந்தக் காலைச் சண்டை.

அன்று மத்தியானம் நான் எதிர் வீட்டில்தான் இருந்தேன். தையலக்கா ஒரு பாவாடையை வைத்துக்கொண்டு தைக்காமல் இருந்தாள். பாப்பா கல்லூரிக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் அறையிலிருந்து வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “என் புத்தகத்தை வாங்கிட்டு வரேன்” என்று போய்விட்டாள். நான் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் திரும்பினாள்.

“பூட்டு இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது” என்றேன். எனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

பாப்பா திரும்பி வந்தபோது தையலக்கா மெஷினைப் பிடித்துக்கொண்டே எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள். நான்கூட நெஞ்சில் கை வைத்தேன். அப்பாடா, உயிரோடு நடந்து வருகிறாள்.

“புத்தகம் கிடைச்சுதா?” என்றேன்.

“அப்பா அங்க இல்ல. எல்லாரும் சாப்பிடப் போயிருக்காங்க.” செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “அவர் போட்ட பூட்டு திறந்து தொங்கிச்சு. அவர் சட்டம்தானே, கொண்டியை மடக்கி அமுக்கிட்டு வந்தேன். இப்ப சந்தோஷப்படட்டும். எனக்கு அந்த ரூம் வேணாம்னு தெரியட்டும்.”

“நல்ல காரியம் பண்ணே” என்றாள் தையலக்கா. அவ்வளவு நாள் கழித்து அவள் முகத்தில் ரத்தம் வந்தது. பாவாடையை மெஷினுக்கடியில் வைத்தாள்.

எனக்கு எதையும் முழுசாகக் கேட்டால்தான் தூக்கம் வரும். “அப்பா சாப்பிடப் போயிட்டாரா? வீட்டுக்கு வரலையே” என்றேன்.

“சாப்பாட்டுப் பை மேசையில இருந்துச்சு பெரியம்மா.”

“செல்போன்?”

“அதுவும் மேசையில.”

குளிர் அறைக்குள் போகும்போது, குளிரில் செத்துவிடும் என்று செல்போனை வெளியே வைத்துவிட்டு, கொக்கியில் தொங்கும் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போவார். விடாமல் கேட்டேன். “கோட்டு? அந்தக் கனமான கோட்டு, கொக்கியில தொங்கிச்சா?”

பாப்பா ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கொக்கி காலி.

மெஷின் நின்றது.

“அம்மா, சாவி” என்றாள் பாப்பா. “இன்னொரு சாவி எங்க?”

தையலக்கா எழுந்து ஓடி, அலமாரி மேல்தட்டிலிருந்து பட்டன் டப்பாவை எடுத்தாள். பிஸ்கட் வருகிற பெரிய தகர டப்பா; அவள் வாழ்நாளில் வெட்டியெடுத்த பட்டன் எல்லாம் அதற்குள். பாப்பா சீந்தாத இடம் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். மூடி திறக்கவில்லை. பல்லால் இழுத்தாள். திறந்ததும் எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். கறுப்பு, வெள்ளை, பித்தளை, கொக்கி, ஊக்கு, எல்லாம் கட்டிலுக்கடியிலும் கதவுக்கடியிலும் உருண்டு ஓடின. மூன்று பேரும் மண்டியிட்டோம்.

“நீங்க தேடுங்க, நான் போய் அங்க குளிர் மெஷினை நிறுத்துறேன்” என்று பாப்பா எழுந்தாள். “அப்பா சொல்லியிருக்கார், குளிரை விட அந்தக் காத்துதான் கொல்லும்னு. ஃபேனை நிறுத்தணும்.” வெறுங்காலோடு ஓடினாள்.

நாங்கள் இருவரும் பட்டன்களைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். எவ்வளவு நேரமோ தெரியாது. தையலக்கா அழவில்லை. “பட்டன், பட்டன், பட்டன்” என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினாள், பைத்தியம் பிடித்தவள் மாதிரி. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் தொட்டது ஒவ்வொன்றும் சாவியாகத் தெரிந்தது, எடுத்துப் பார்த்தால் கொக்கி. கடைசியில் சாவி அவள் முழங்காலுக்கு அடியிலேயே இருந்தது. அது குத்துவதுகூடத் தெரியாமல் அதன்மேல் மண்டியிட்டிருந்தாள்.

ஓடினோம். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. காய்கறித் தள்ளுவண்டிக்காரர், “என்னக்கா, தீயா?” என்று கேட்டார். நின்று பதில் சொல்லாமல் போனது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

கிடங்கில் சத்தம் இல்லை. எப்போதும் தெருமுனைவரை உறுமும் மெஷின் நின்றுவிட்டிருந்தது. பாப்பா கதவில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள். “அப்பா, தூங்காதப்பா. நடப்பா. அப்பா, தூங்காத.” அந்தக் கதவு ஒரு சாண் தடிமன். உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆபத்துக்கு அடிக்கிற மணி ஒன்று உள்ளே உண்டாம். அடித்தால் ஆபீஸ் அறையில் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் அறையில் ஈ காக்கை இல்லை.

தையலக்கா கையிலிருந்த சாவி பூட்டின் முகத்தையெல்லாம் குத்தியது, துளைக்குள் போகவில்லை. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிற கை அது. பாப்பா பிடுங்கித் திறந்தாள்.

கதவை இழுத்ததும் வெள்ளைப் புகை எங்கள் காலில் வந்து விழுந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது, கதவுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. ஒரே மத்தியானத்தில் கிழவராகிவிட்ட மாதிரி. பட்டாணிப் பெட்டிகள் எல்லாம் அறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாறியிருந்தன. உடம்பு சூடு போகாமல் இருக்கச் சுமந்து சுமந்து வைத்திருக்கிறார். முடியாமல் போனதும்தான் உட்கார்ந்திருக்கிறார். அப்போதும் வெறும் தரையில் உட்காரவில்லை. உறைந்த தரை சூட்டை உறிஞ்சிவிடும் என்று அந்த நீலப் புத்தகத்தைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

கண் பாதி திறந்திருந்தது. எங்களைப் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. பாப்பா அவர் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உதடு அசைந்தது.

“கதவைச் சாத்து பாப்பா. குளிர் வெளிய போகுது.”

அந்தப் பேச்சைக் கேட்டதும்தான் தையலக்கா வாய்விட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். உயிருக்குப் பயமில்லை, இடக்கையில் இரண்டு விரலைப் பற்றி மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். தையலக்கா உள்ளே போனாள். பாப்பா பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால் முழுக்க அழுக்கும் ரத்தமும். நான்தான் கேட்டேன், வேறு யார் கேட்பார்கள்?

“உண்மையைச் சொல்லு பாப்பா. அந்த ரூமுக்குள்ள போகணும்னு நினைச்சியா?”

“எதுக்கு?”

“அவ போனாளே. உன் கதையில. போய் மூடியைச் சாத்திக்கிட்டாளே.”

“அவ உடனே வெளிய வந்துட்டாளே” என்றாள். “சாத்தின அடுத்த பக்கத்துலயே பயந்துபோய் மூடியை உதைச்சுத் திறந்து வந்துடுவா. அதுக்கப்புறம்தான் கதையே. அவன் வர்ற வரைக்கும் நாற்பது வருஷம் அவ வெளியில இருந்து என்னென்ன பண்ணாள்னு.” என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். “பாதிதான் படிச்சீங்களா?”

“நீ அன்னிக்குக் காலேஜ்லேர்ந்து வந்துட்டியே” என்றேன்.

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “அந்தப் பக்கத்தைப் படிச்சப்பதான் எனக்குத் தோணிச்சு, அப்பா தினமும் இப்படி ஒரு பெட்டிக்குள்ள போய்ட்டு வரார்னு. யாராவது வெளியில சாத்திட்டா என்ன ஆகும்னு பயமா இருந்துச்சு. அதான் கேட்டுக் கேட்டு வெச்சுக்கிட்டேன்” என்றாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பூட்டை அமுக்கிய கையை. “நானே சாத்திட்டேன் பெரியம்மா.”

என் சேலைத் தலைப்பால் அவள் காலைத் துடைத்துவிட்டேன்.

விரல் இரண்டும் பிழைத்தன. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. அவர் மறுபடி கிடங்குக்குப் போகவில்லை. அப்பாவும் மகளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதென்றால் பேசவில்லை என்றுதான் அர்த்தம். பாப்பா வெளியே கிளம்பும்போதெல்லாம் அவர் வாசல்வரை வருவார். அவர் கிளம்பினால் இவள் வருவாள். அவ்வளவுதான். கிடங்கு முதலாளி பூட்டைக் கழற்றிப்போட்டு, வேறு ஆளை வைத்தார். அந்த ஆள் நிலைக்காமல் போய், முதலாளி கிடங்கை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்தார்.

பாப்பா படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குப் போனாள். அங்கேயே கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எப்படிப் பழக்கம், எத்தனை நாளாகப் பழக்கம் என்று நான் யாரிடமும் பேசவில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னேன். கல்யாணமான அடுத்த வருஷம் தையலக்காவும் ஐஸ்காரரும் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போய்விட்டார்கள். வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற ஊராம் அது. அவர் மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். மருமகன் குடை கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்குவதில்லையாம்.